சன்மானம் நியாயமா, நேரத்துக்கு வருமா: எழுதும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

மைக்கூடு (கேள்வி)

வெளியிலிருந்து எழுதுபவர்களுக்கு ஒரு இதழ் எவ்வளவு தருகிறது, எப்போது தருகிறது என்பதை எழுத உட்காரும் முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா? 'எங்களுக்கு எழுதுங்கள்' பக்கத்தில் பெரும்பாலும் 'தகுந்த சன்மானம் வழங்கப்படும்' என்று ஒரே வரிதான் இருக்கிறது. தேடிப் பார்த்தால் ஒரே இதழைப் பற்றி ஒருவர் "பத்தே நாளில் வந்துவிட்டது" என்கிறார், இன்னொருவர் "எட்டு மாசமாச்சு, இன்னும் வரல" என்கிறார். யாரை நம்புவது? ஆசிரியரிடமே பணத்தைப் பற்றிக் கேட்டால் வாய்ப்பு போய்விடுமா?

அரைப்புள்ளி

அந்த இரண்டு பேருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். முரண்படுகிற மாதிரி தெரியும் தகவலை மூன்று விஷயம் வைத்துப் பிரித்துப் பாருங்கள்: எந்த வருடம், எந்தப் பிரிவு, எந்த ஆசிரியர்.

வருடம் முக்கியம், ஏனென்றால் உரிமையாளர் மாறியதும் பணம் கொடுக்கும் பழக்கமும் மாறிவிடும். கைமாறியது, ஆட்குறைப்பு, அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது என்று ஏதாவது செய்தி வந்திருந்தால் அதற்கு முந்தைய பாராட்டு எதற்கும் உதவாது. பிரிவு முக்கியம், ஏனென்றால் ஒரே பெயரில் வரும் அச்சு இதழுக்கும் இணையதளத்துக்கும் தனித்தனி பட்ஜெட் இருக்கும். அச்சுக்குக் கிடைத்த தொகையைப் பார்த்துவிட்டு இணையத்துக்கு எழுதினால் ஏமாற்றம்தான்.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. தாமதப் புகார் எல்லாம் ஒரே ஆசிரியரைச் சுற்றியே இருந்தால், அவர் இன்வாய்ஸை (பணம் கேட்டு எழுத்தாளர் அனுப்பும் சீட்டை) கணக்குப் பிரிவுக்கு அனுப்பாமல் மெயிலிலேயே வைத்திருக்கிறார் என்று அர்த்தம். எரிச்சல்தான், ஆனால் சமாளிக்கலாம். வேறு வேறு பிரிவு, வேறு வேறு ஆசிரியர், ஆனால் கடந்த மூன்று நான்கு மாதத்தில் எல்லோருக்கும் பணம் நிற்கிறது என்றால், நிறுவனத்திடம் கையில் காசு இல்லை. அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பொதுவாகப் பணம் சரியாக வந்தவர்கள் எழுத மாட்டார்கள், வராதவர்கள்தான் எழுதுவார்கள். அதனால் புகார் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, புகார் எந்த மாதங்களில் குவிகிறது என்று பாருங்கள்.

பத்தி பிரிப்பவர்

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு 'ஹூ பேஸ் ரைட்டர்ஸ்' என்ற தளம் இருக்கிறது. மஞ்சுளா மார்ட்டின் 2012-ல் தொடங்கியது. எழுத்தாளர்கள் பெயர் சொல்லாமல் தொகையைப் பதிகிறார்கள். அறிவியல் புனைகதை, மிகைபுனைவு எழுத்தாளர்களின் அமெரிக்கச் சங்கம் ஆதரிக்கும் 'ரைட்டர் பிவேர்' தளம் மோசடிப் பதிப்பகங்களையும் போட்டிகளையும் பற்றி எச்சரிக்கும். பிரிட்டனின் பத்திரிகையாளர் சங்கமும் வெளியிலிருந்து எழுதுபவர்களுக்கான கட்டண வழிகாட்டி வைத்திருக்கிறது. தமிழில் இப்படி ஒரு பொதுப் பட்டியலை நம்பி உட்கார முடியாது. ஆளைப் பிடித்துத்தான் கேட்க வேண்டும்.

யாரைப் பிடிப்பது? அந்த இதழின் கடைசி மூன்று மாத உள்ளடக்கத்தை எடுத்து, ஊழியர் பட்டியலில் இல்லாத பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு வகை இருக்கும். ஒன்று, மாதாமாதம் வருகிறவர்கள். இன்னொன்று, ஒரு வருடம் முன்பு இரண்டு மூன்று தடவை நன்றாக எழுதிவிட்டு அப்புறம் காணாமல் போனவர்கள். இரண்டாம் வகையில் குறைந்தது இரண்டு பேரிடம் கேளுங்கள். தொடர்ந்து எழுதுகிறவருக்கு ஆசிரியரோடு நல்ல உறவு இருக்கும், அவருடைய பணம் முதலில் நகரும். ஏன் நின்றார் என்பதை நின்றவர்தான் சொல்வார்.

"நல்லா குடுப்பாங்களா?" என்று கேட்காதீர்கள். "பரவாயில்ல" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

கடைசியாக இன்வாய்ஸ் அனுப்பியது எந்த மாதம்? பணம் எத்தனை நாளில் வந்தது? எத்தனை முறை நினைவூட்ட வேண்டியிருந்தது? பேசிய தொகை முழுதாக வந்ததா, ஏதாவது பிடித்தார்களா?

தொகையைச் சொல்லத் தயங்கினால், நீங்கள் ஒரு எண்ணைச் சொல்லி "இதற்கு மேலா, கீழா?" என்று கேட்டால் போதும். அதற்கு பெரும்பாலும் பதில் வந்துவிடும்.

பற்று வரவு

'30 நாளில் பணம்' என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். எந்த நாளிலிருந்து 30? இங்கேதான் எல்லாம் மாறுகிறது.

ஜனவரி 10 அன்று கட்டுரை ஏற்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஏற்றதிலிருந்து 30 நாள்' என்றால் பிப்ரவரி 9. அதே கட்டுரை ஏப்ரல் 1 இதழில்தான் வருகிறது, 'வெளியானதிலிருந்து 60 நாள்' என்றால் மே 31. கணக்குப் பிரிவு மாதம் ஒருமுறை, 25-ஆம் தேதிதான் பணம் போடுகிறது என்றால் ஜூன் 25. யாரும் வேண்டுமென்று இழுத்தடிக்கவில்லை, ஆனால் ஐந்தரை மாதம் ஓடிவிட்டது. கட்டுரை இதழுக்கு இதழ் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தால் அந்தத் தேதி வரவே வராது. 'வெளியான பிறகு' என்று எழுதியிருந்தால், 'அல்லது ஏற்ற 90 நாளில், எது முந்தியதோ அது' என்று சேர்க்கச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்கிற ஆசிரியர்கள் நிறைய.

இன்னொரு கண்ணி: 'இன்வாய்ஸ் வந்த மாத முடிவிலிருந்து 30 நாள்'. ஏப்ரல் 3 அன்று அனுப்பினால் ஏப்ரல் 30-லிருந்து எண்ணி மே 30. 57 நாள். இப்படி விதி உள்ள இடத்துக்கு மாதக் கடைசியில் முந்திக்கொண்டு அனுப்பிவிட வேண்டும், 1-ஆம் தேதி வரை ஆறப்போட்டால் முழுசாக ஒரு மாதம் தள்ளும்.

அதனால் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது: எண்ணுவது எந்தத் தேதியிலிருந்து, பணம் போடும் நாள் எது, இன்வாய்ஸ் யாருக்குப் போக வேண்டும். மூன்றாவது கேள்விக்கு "எனக்கே அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்" என்று பதில் வந்தால், கணக்குப் பிரிவின் மெயிலையும் நகலில் போடுவதாகச் சொல்லிவிடுங்கள்.

முற்றுப்புள்ளி வைக்காதவன்

எப்போது கேட்பது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. யோசனையை முன்வைக்கும் முதல் மெயிலிலேயே பணம் பேசத் தேவையில்லை. அவர் இன்னும் உங்கள் யோசனையையே படிக்கவில்லை. "சரி, எழுதுங்க" என்று வந்த அடுத்த பதில்தான் சரியான இடம். அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாதீர்கள், இந்த மாதிரி ஒன்று போகும் வரை:

"மகிழ்ச்சி. 1,200 சொல், 20-ஆம் தேதிக்குள் தருகிறேன். தொடங்கும் முன் சில விவரங்கள் தெரிந்தால் நல்லது: சன்மானம் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாளில், திருத்தம் எத்தனை சுற்று, கட்டுரை கைவிடப்பட்டால் எவ்வளவு, பயணச் செலவு உண்டா."

பணத்தை மட்டும் தனியாகக் கேட்டால்தான் சங்கடம். சொல் எண்ணிக்கை, தேதி, திருத்தம் எல்லாவற்றோடும் சேர்த்துக் கேட்டால் அது வேலை விவரம். இந்த மெயிலுக்காகக் கோபப்படும் ஆசிரியர், பணம் வராதபோது எப்படி இருப்பார் என்பதை இப்போதே காட்டிவிட்டார்.

பத்தி பிரிப்பவர்

@முற்றுப்புள்ளி வைக்காதவன்: ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். யோசனையைத் தயாரிக்கவே நாலு நாள் களவேலை தேவைப்படுகிற நீள் கட்டுரை என்றால், முதலிலேயே "உங்கள் நீள் கட்டுரைகளுக்கான வழக்கமான தொகை வரம்பு என்ன?" என்று ஒரு வரி கேட்பதில் தப்பில்லை. சிறு பத்திகளுக்கு நீங்கள் சொல்வது சரி.

அரைப்புள்ளி

'நியாயமா' என்ற பாதியை யாரும் தொடவில்லையே. சொல்லுக்கு எவ்வளவு என்று பார்ப்பது ஒப்பிட வசதி, ஆனால் அது பொய் சொல்லும். பணம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். 'அ' இதழ் 1,200 சொல்லுக்கு 6,000 தருகிறது, அதாவது சொல்லுக்கு 5. 'ஆ' இதழ் 600 சொல்லுக்கு 2,400, சொல்லுக்கு 4. முதலாவதற்கு மூன்று நேர்காணல், அவற்றைக் கேட்டு எழுத்தாக்குவது, இரண்டு சுற்றுத் திருத்தம் என்று 20 மணி நேரம். இரண்டாவது மேசையிலிருந்தே எழுதலாம், 5 மணி நேரம். மணிக்கு 300, மணிக்கு 480. குறைவாகத் தெரிந்ததுதான் அதிகம் தருகிறது. ஒரு மணி நேரப் பதிவைக் கையால் எழுத்தாக்க மூன்று நாலு மணி நேரம் பிடிக்கும். அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால்தான் எல்லாமே லாபமாகத் தெரியும்.

உரிமையும் விலைதான். முதல் வெளியீட்டு உரிமை மட்டும் கேட்கிறார்களா, எல்லா உரிமையும் என்றென்றைக்குமா? எல்லாம் கேட்டால் தொகுப்பாகவோ மொழிபெயர்ப்பாகவோ நீங்கள் மறுபடி விற்க முடியாது. குறைந்த தொகை, முழு உரிமை, அதோடு 'வழக்கு வந்தால் செலவு எழுத்தாளருடையது' என்ற வரி: இந்த மூன்றும் ஒரே தாளில் இருந்தால் மறுத்துவிடலாம்.

மைக்கூடு

நன்றி. ஒரு சந்தேகம். ஒப்பந்தமே தராமல், வங்கி விவரம் கேட்டு ஒரு படிவம் மட்டும் அனுப்புகிற இடங்கள் உண்டே? அதை எப்படி எடுத்துக்கொள்வது?

பற்று வரவு

அந்தப் படிவம் உங்களைக் கணக்குப் பிரிவின் பட்டியலில் சேர்ப்பதற்கு. நல்ல அறிகுறிதான், ஆனால் தொகை அதில் இருக்காது. முதல் பணம் தாமதமாவதற்கு ரொம்பச் சாதாரணமான காரணமும் இதுதான்: படிவம் முடியாமல் இன்வாய்ஸ் உள்ளேயே போகாது. கட்டுரை தரும் அன்றே இதையும் முடித்துவிடுங்கள். தொகை, தேதி, உரிமை மூன்றையும் மெயிலில் எழுதி "இது சரிதானே?" என்று கேட்டு, "சரி" என்ற பதிலைச் சேமித்து வையுங்கள். பல இடங்களில் அந்தப் பதிலே ஒப்பந்தத்துக்குச் சான்றாக நிற்கும்.

படிவம் அனுப்பிய மெயிலின் முகவரி இதழின் சொந்த டொமைனா (@ குறிக்குப் பின் வரும் பெயர்) என்றும் பாருங்கள். ஆசிரியர் பெயரில் போலி மெயில் அனுப்பி வங்கி விவரம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 'பரிசீலனைக் கட்டணம்' கேட்டாலோ, அதிகமாக அனுப்பிவிட்டோம், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்றாலோ, அது இதழே இல்லை.

சட்டம் இதழ் இருக்கும் ஊரைப் பொறுத்தது. நியூயார்க் நகரில் 2017 மே முதல், 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாளில் பணம் தர வேண்டும். பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தாமதமான வணிகக் கடனுக்கு மத்திய வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதம் கேட்கலாம்.

முற்றுப்புள்ளி வைக்காதவன்

இவ்வளவு விசாரித்தும் சந்தேகம் இருந்தால், சின்னதாக ஒன்று எழுதிப் பாருங்கள், 500-600 சொல். அதற்குப் பணம் கைக்கு வரும் வரை இரண்டாவதைத் தராதீர்கள். பழகிய இடத்திலும் பணம் வராத கட்டுரை இரண்டுக்கு மேல் சேர விடாதீர்கள். நிறுவனம் மூடினால், அடமானக் கடன் கொடுத்தவர்களும் ஊழியர்களும் வரிசையில் முன்னால் நிற்பார்கள். வெளியிலிருந்து எழுதியவர் முறை வரும்போது பெரும்பாலும் பெட்டி காலி.

பத்தி பிரிப்பவர்

பணம் வந்ததும், வந்த தேதியோடு நாலு பேருக்குச் சொல்லுங்கள். நேரத்துக்கு வந்தாலும்தான்.