தாத்தாவின் பெயரை நான் சொல்லியிருக்கக் கூடாது

நான் மனநல நர்ஸ். ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து மண் சாலையில் பல மணி நேரம் தள்ளியிருந்த ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தேன். பையன் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

15 வயதுப் பூர்வகுடிப் பையன். சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று அத்தை கூட்டி வந்தார். நான் படிவத்தோடு எதிரே உட்கார்ந்தேன். "மனசு கஷ்டமா இருக்கா?" "ம்." "செத்துப்போகணும்னு தோணுதா?" "ம்." "இப்போ பரவாயில்லையா?" அதற்கும் "ம்." என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒன்று மட்டும் வாய்விட்டுச் சொன்னான்: ராத்திரியில் தாத்தா கூப்பிடுகிறார். தாத்தா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. 'குரல் கேட்கிறது' என்று எழுதினேன். மனச்சிதைவோ என்று பயம் வந்துவிட்டது. விமானத்தில் நகரத்துக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

எங்கள் பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளரை எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை வெளியே அழைத்தார். "சாரி பிசினஸ் நடக்குது, தெரியாதா?" துக்க காலத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. இறந்தவர் பெயரை யாரும் சொல்லக் கூடாது. அதே பெயர் கொண்டவர் உயிரோடு இருந்தால் அவரையும் 'குமன்ஜாயி' என்ற மாற்றுப் பெயரால்தான் அழைப்பார்கள். நானோ படிவத்தைப் பார்த்து அந்தத் தாத்தாவின் பெயரை மூன்று முறை சொல்லியிருந்தேன்.

என் பாட்டி கடைசிவரை என் தாத்தாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. அந்த வீட்டில் வளர்ந்த எனக்கே இது தோன்றாமல் போனது இன்னும் உறுத்துகிறது.

துக்கத்தில் இறந்தவரின் குரல் கேட்பது அங்கே பலருக்கும் நடப்பதுதான், நோய் என்று எழுதும் முன் குடும்பத்தைக் கேள் என்றார் ஆன்ட்டி. அதிகாரத்தில் இருப்பவர் கேள்வி மேல் கேள்வி கேட்டால், பேச்சு முடியட்டும் என்று எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்வார்களாம். அதற்காகச் சாவைப் பற்றிய அந்த 'ம்'மை நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. ஆன்ட்டி அவன் மொழியில், அவசரப்படாமல் மறுபடி கேட்டார். அன்று இரவு குடும்பத்தில் யாராவது ஒருவர் அவன் கூடவே இருந்தார்கள்.

மறுநாள் வறண்ட ஆற்று மணலில் மூவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். வெகுநேரம் பேச்சே இல்லை. ஆன்ட்டி மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அவனே ஆரம்பித்தான். தாத்தாதான் அவனை அவர்கள் பூர்வீக நிலத்துக்குக் கூட்டிப் போவதாக இருந்தாராம். இனி யார் கூட்டிப் போவார்கள்?

மாமா கூட்டிப் போனார். ங்கங்காரி என்னும் அவர்கள் வைத்தியரும் அவனைப் பார்த்தார். நான் வாரா வாரம் போய் உட்கார்ந்தேன். மாத்திரை தேவைப்படவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி இருக்காது, சிலருக்குக் கண்டிப்பாக வேண்டும்.

* * *

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் டார்வின் நகரில் இளைஞர்களோடு வேலை செய்கிறேன். 17 வயதுப் பூர்வகுடிப் பெண் ஒருத்தியின் வீட்டுக்குப் போனேன். பாட்டி வாசலிலேயே மறித்து, "பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடுவியா?" என்றார். அரசாங்கக் கார் வந்து பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிடித்துப் போனது 1970கள் வரை நடந்தது. அதற்காக 2008இல் நாடாளுமன்றத்தில் அன்றைய பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டார். ஆனால் பாட்டியின் பயம் அப்படியே இருக்கிறது. 1971இல் சிட்னி ரெட்ஃபர்னில் தொடங்கி, பூர்வகுடிகள் தாங்களே மருத்துவ நிலையங்கள் நடத்துவது ஏன் என்று அந்த வாசலில்தான் எனக்குப் புரிந்தது.

அந்தப் பெண்ணுக்கு, மனம் தவிக்கும்போது பூர்வகுடியினர் அழைத்துப் பேசும் 13 யார்ன் என்ற உதவித் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன்: 13 92 76. 2022 முதல் இருக்கிறது, 24 மணி நேரமும் பூர்வகுடியினரே எடுப்பார்கள். அவள் அழைத்ததும் பாட்டி போனைப் பிடுங்கி, "நீ எந்த ஊர், யார் பிள்ளை?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். பத்து நிமிஷம் பேசி, ஏதோ ஒரு தூரத்துச் சொந்தத்தைக் கண்டுபிடித்தார். அதற்கப்புறம்தான் போன் பேத்தியின் கைக்குப் போனது. நானும் பாட்டியும் எழுந்து வெளியே வந்து திண்ணைப் பக்கம் உட்கார்ந்துகொண்டோம்.