மறு: மறு: 'அன்அபாலஜெட்டிக் ப்ளெஷர்', தமிழ்ல என்ன சொல்றது? (அவசரம்)

வணக்கம். கலை வரலாறு பாடக்குறிப்பு ஒண்ணு மொழிபெயர்த்துட்டு இருக்கேன், நாளைக்கு சாயங்காலம் அச்சுக்குப் போகுது. அமெரிக்க ஓவியர் மிக்கலீன் தாமஸ் 2010ல செஞ்ச படம். பிரெஞ்சு ஓவியர் மனே 1863ல வரைஞ்ச புல்வெளி விருந்துல கோட்டு போட்ட ரெண்டு ஆம்பளைங்க பக்கத்துல ஒரு பொண்ணு உடுப்பில்லாம உக்காந்திருப்பா இல்லையா, இவங்க அதே அமைப்ப எடுத்து மூணு கறுப்பினப் பெண்கள நல்லா உடுத்தி ஜம்முனு உக்கார வச்சிருக்காங்க, ஆம்பளையே கிடையாது, மூணு பேரும் நேரா நம்மளத்தான் பாக்குறாங்க, படம் முழுக்க கல்லு பதிச்சு மினுங்குது. இந்தப் படத்தப் பத்தித்தான் குறிப்புல 'அன்அபாலஜெட்டிக் ப்ளெஷர்'னு வருது, நான் 'மன்னிப்புக் கேட்காத இன்பம்'னு போட்டேன். தப்பு பண்ணிட்டு அடம்பிடிக்கிற மாதிரி இருக்கு. உதவுங்க.

----

அம்மா, 'நாணா உவகை' என்று வையுங்கள். 'நாணாத' என்பதன் ஈறு கெட்ட வடிவம் (ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்), கச்சிதமாக இருக்கும். மகிழ்ச்சி, களிப்பு இரண்டும் வேண்டாம், இரண்டுமே கள்ளோடு ஒட்டிய சொற்கள், சங்கப் பாட்டில் மகிழ் என்றால் கள் என்றும் பொருள் உண்டு. உவகைதான் மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி. 'அல்லல் நீத்த உவகை' என்கிறது தொல்காப்பியம், செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்று நாலு வகை. உங்கள் படத்துக்கு நாலுமே பொருந்தும் போலிருக்கிறதே!

----

ஐயா, நாணா + உவகை புணர்ந்தா நாணாவுவகை. பசங்க வாய் சுளுக்கிக்கும். 'கூச்சமில்லாத சந்தோஷம்'னு போட்டா எல்லாருக்கும் புரியும், முடிஞ்சுது.

----

தம்பி, புரியும், அதான் பிரச்சினையே. கூச்சமில்லாதவன்னு ஒரு ஆம்பளையச் சொன்னா நல்லாப் பழகுறவன், அதையே பொண்ணச் சொன்னா வசவு. வெட்கமில்லாத, நாணமற்ற எல்லாம் இதே கதைதான். அச்சமும் நாணும் மடனும் பெண்பாலுக்கு உரியதுன்னு இலக்கணத்துலயே எழுதி வச்சுட்டோம், அப்புறம் நாம எந்த 'இல்லாத' போட்டாலும் இருக்க வேண்டியது இல்லன்னுதான் அர்த்தம் வருது. அந்த மூணு பேர்கிட்ட எதுவும் குறையலயே. எதிர்மறை இல்லாத சொல் ஒண்ணு வேணும்.

----

செம்மாந்த இன்பம்?

----

செம்மாத்தல், பெருமிதத்தோடு தலைநிமிர்வது, அழகான சொல்தான். ஆனால் திருக்குறளில் கயமை அதிகாரத்தைப் பாருங்கள், 'மிகப்பட்டுச் செம்மாக்கும் கீழ்'. கயவனுக்குச் சொன்னதை இவர்களுக்கா சூட்டுவது?

----

அப்படிப் பாத்தா திமிரும் வசவுதான் ஐயா, ஆனா பாரதி 'திமிர்ந்த ஞானச் செருக்கு'ன்னு பாடினப்போ யாரும் கோவிச்சுக்கல. வசவைத் திருப்பிப் போட்டுக்கறதுதானே இங்க விஷயமே. நான் 'நிமிர்ந்த இன்பம்'னு சொல்வேன். நேர்கொண்ட பார்வை படத்துலயே இருக்கு.

----

நிமிர்ந்த இன்பம்னா முதுகுவலித் தைல விளம்பரம் மாதிரி இருக்குங்க, மன்னிக்கணும் 🙂

----

நாண் பற்றி இவ்வளவு பேசிவிட்டுக் குறளின் நாணுத்துறவுரைத்தல் அதிகாரத்தை விடலாமா? அங்கே நாணை விட்டு மடலேறுவேன், அதாவது பனைமட்டைக் குதிரை ஏறி ஊரறியக் காதலைச் சொல்வேன், என்பவன் ஆண். 1137ஆம் குறளில் கடலன்ன காமம் உழந்தும் பெண் மடல் ஏறமாட்டாள், அதுவே அவள் பெருமையாம். திருமங்கையாழ்வார் அந்த மரபை மீறி நாயகியையே மடலேறுவேன் என்று சொல்ல வைத்தார். பனைமட்டைக் குதிரைக்கும் மடல் என்று ஏன் பெயர் வந்தது என்றால்,

----

ஐயா ஐயா, அவங்களுக்கு நாளைக்கு அச்சு. மடல் ஏறினது போதும், அவங்க மடலுக்குப் பதில் சொல்லுவோம்.

----

எல்லாருக்கும் நன்றி. 'தயக்கமில்லா மகிழ்ச்சி'ன்னு அனுப்பிட்டேன். தனிமடல்ல நாலு பேரு இதையே சொன்னாங்க. 'இல்லா' வந்துடுச்சுன்னு எனக்கே தெரியும், ஆனா தயக்கம் ஆம்பளைக்கும் உள்ளதுதானே, அதனால வசவு கொஞ்சம் குறையுது. 'செம்மாந்த இன்பம்' இன்னும் மனசுல சுத்திட்டே இருக்கு, ரெண்டாம் பதிப்பு வந்தா பாக்கலாம்.

----

சரி அம்மா. ஆனால் மகிழ் என்றால் கள்ளும்தான், பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

----

இருக்கட்டும் ஐயா, படத்த ஒரு தடவை பாருங்க, தப்பாப் போகல.