நாரி முள்ளெலும்பு இணைப்புச் சத்திரசிகிச்சை: அனுபவம் உள்ளவர்களிடம் ஓர் உதவி

வணக்கம். நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். கிளிநொச்சியில் வயல் செய்யும் என் சித்தப்பாவுக்கு நாரியின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளைத் திருகாணி வைத்து இணைக்க வேண்டுமென்று கொழும்பில் வைத்தியர் கூறியுள்ளார்.

வாசிக்க வாசிக்கக் குழப்பமே கூடுகிறது. 2001இல் வெளியான சுவீடன் ஆய்வில், 294 நோயாளர்களுள் சத்திரசிகிச்சை பெற்றோர் வழக்கமான இயன்மருத்துவம் பெற்றோரைவிட இரண்டு ஆண்டுகளில் நன்றாகத் தேறியிருந்தனர். முறையான பயிற்சியோடும் ஆலோசனையோடும் ஒப்பிட்ட நோர்வே ஆய்விலோ பெரிய வேறுபாடு தென்படவில்லை. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில், இழப்பீட்டுக்கு விண்ணப்பித்த தொழிலாளர்களுள் சத்திரசிகிச்சை செய்தோரில் 26 சதவீதத்தினரும் செய்யாதோரில் 67 சதவீதத்தினருமே இரண்டு ஆண்டுகளில் வேலைக்குத் திரும்பியிருந்தனர். (இது நோயாளர்களைச் சீட்டுப் போட்டு இரு குழுக்களாகப் பிரித்த ஆய்வன்று என்பதையும் சொல்ல வேண்டும்.) ஆகவே கத்தியைவிட, அதன் பின்னான பராமரிப்பும் செய்யும் தொழிலுமே முடிவைத் தீர்மானிக்கின்றனவோ என எண்ணுகிறேன்.

வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து இங்கு வந்து இச்சிகிச்சை செய்துகொண்டவர்கள், ஊர் திரும்பியபின் இயன்மருத்துவத்தை எங்கே, எத்தனை மாதம் தொடர்ந்தீர்கள் என்றும், குனிந்து செய்யும் வேலைக்கு மீள முடிந்ததா என்றும் தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த மாத முற்பகுதியில் நாங்கள் முடிவு சொல்ல வேண்டும்.