பலமொழிப் பெயர்ப்பலகைகளை வைத்து ஓர் ஊரின் மக்களைக் கணிக்க முடியுமா?

கேள்வி

பொது இடங்களில் இரண்டு, மூன்று மொழிகளில் எழுதிய பலகைகளைக் கண்டால், அம்மொழிகளைப் பேசுவோர் அங்கே கணிசமாக வாழ்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. அந்த முடிவு எந்த அளவுக்குச் சரி? எந்த மொழி மேலே இருக்கிறது, எது பெரிய எழுத்தில் இருக்கிறது என்பதற்கெல்லாம் பொருள் உண்டா, இல்லை எழுதுபவரின் வசதிதானா?

மறுமொழி 1

பொருள் உண்டு, ஆனால் பலகையை வைத்தவர் யார் என்பதை முதலில் கேட்க வேண்டும். பின்லாந்தில் ஒரு நகராட்சியில் சிறுபான்மை மொழியினர் 8 விழுக்காடாகவோ 3,000 பேராகவோ இருந்தால் அது இருமொழி நகராட்சி. சாலைப் பலகையில் அவ்வூரின் பெரும்பான்மை மொழி மேலே வரும். ஆகவே பின்னிய மொழி மேலே, சுவீடிய மொழி கீழே என்று கண்டால் மக்கள்தொகையை ஓரளவு ஊகித்துவிடலாம்.

கனடாவில் பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மையாக உள்ள கியூபெக் மாநிலத்தில் அப்படி ஊகித்தால் தவறிவிடுவோம். அம்மாநிலத்தின் 1977ஆம் ஆண்டு மொழிச் சாசனம் என்னும் சட்டம் வணிகப் பலகைகளில் பிரெஞ்சு மட்டுமே இருக்க வேண்டும் என்றது. 1988இல் கனடா உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 1993இல், பிரெஞ்சு எடுப்பாகத் தெரியும் வரை பிற மொழிகளும் இருக்கலாம் என்று சட்டம் தளர்ந்தது. அங்கே ஒரு கடையின் பலகையில் ஆங்கிலம் சிறிதாக இருப்பது கடைக்காரரின் மனத்தையோ வாடிக்கையாளரின் மொழியையோ காட்டாது.

மறுமொழி 2

மேலே உள்ள நண்பர் சொன்னதோடு, எந்தச் செய்தி எந்த மொழியில் எழுதப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பேன். சிங்கப்பூரில் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கும் அதிகாரத்துவ மொழிகள். இருந்தும் தெருப் பெயர்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்தில்தான் இருக்கின்றன. ‘ஆபத்து, உள்ளே வராதீர்கள்’ என்னும் எச்சரிக்கையோ நான்கு மொழிகளிலும் வருகிறது. வரவேற்புக்கு ஒரு மொழி போதும், தடைக்கு நான்கு மொழிகளும் வேண்டும் என்று எங்கேனும் கண்டால், பலகை வைத்தவர் யாரை எப்படி நினைக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

இதற்குப் பழைய சான்று இலங்கையின் காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்பயணத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த அந்தக் கல் 1409ஆம் ஆண்டுத் தேதியைக் கொண்டது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி திருமாலின் வடிவமான தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. அந்தக் கடற்கரையில் யார் யார் வணிகம் செய்தார்கள், அவரவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை அறிந்து செதுக்கிய கல் அது.

கேள்வி கேட்டவர்

அப்படியானால் ஒரு மொழி பலகையிலேயே இல்லையென்றால், அதைப் பேசுவோர் அங்கே இல்லை என்று கொள்ளலாமா?

மறுமொழி 3

கொள்ளவே கூடாது. ஆஸ்திரியாவின் கரிந்தியா மாநிலத்தில் 1972இல் ஜெர்மனோடு சுலோவேனிய மொழியிலும் ஊர்ப் பெயர்ப் பலகைகளை நட்டார்கள். எதிர்த்தவர்கள் அவற்றைப் பிடுங்கி எறிந்தார்கள். 2011இல்தான் 164 ஊர்களுக்கு இருமொழிப் பலகை என்று உடன்பாடு ஏற்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பலகையில்லாத பல ஊர்களிலும் சுலோவேனியர் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். பிரிட்டனின் வேல்ஸில் இதற்கு நேர்மாறு: 1960களின் பிற்பகுதியிலிருந்து வெல்ஷ் மொழி ஆர்வலர்கள் ஆங்கிலம் மட்டுமே இருந்த சாலைப் பலகைகளின்மேல் பெயிண்ட் பூசினார்கள். கீறல், பூச்சு, பெயர்த்த தடம் ஆகியவற்றையும் எழுத்தாகவே படிக்க வேண்டும்.

புதிதாகக் குடியேறியவர்களை அறிய வேண்டுமானால் அரசுப் பலகைகளை விட்டுவிடுங்கள். சுவரில் ஒட்டிய வாடகை அறிவிப்பு, வழிபாட்டு நேரம், ஊருக்குப் பணம் அனுப்பும் கடையின் கண்ணாடி ஆகியவற்றில்தான் அவர்களின் மொழி முதலில் தலைகாட்டும். அதிலும் அச்சடித்ததைவிடக் கையால் எழுதியதையே நான் நம்புவேன். அதை எழுதியவர், படிக்க ஆள் உண்டு என்று தெரிந்தே எழுதியிருப்பார்.