அரசு கட்டடப் பணிகளில் முன்னேற்றத்தை அளப்பது எப்படி? உதவி தேவை

வணக்கம். அரசு கட்டுமானப் பணிகளுக்கான மாதாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில் இரண்டு இடங்களில் சிக்கல்.

பில் தொகையை முன்னேற்றமாக எடுத்தால் எண் ஏமாற்றுகிறது. மண்வேலைக்கும் அடித்தளத்துக்கும் ஒப்பந்ததாரர் விலையை ஏற்றிப் போட்டிருப்பார். தளத்தில் இறக்கிய கம்பிக்குக் கொடுத்த முன்பணமும் முடிந்த வேலையாகச் சேர்ந்துவிடும். கடைசியில் மின் இணைப்பு, சோதனை ஓட்டம் மாதக்கணக்கில் இழுக்கும், மதிப்போ சொற்பம். இதற்கு அளவை வைத்து எடை போடுகிறீர்களா, ஆள்-மணி வைத்தா?

அடுத்தது எஸ்பிஐ (SPI: முடிந்த வேலையின் மதிப்பை, அதுவரை திட்டமிட்ட வேலையின் மதிப்பால் வகுத்த எண்; 1-க்குக் கீழே என்றால் தாமதம்). எவ்வளவு தாமதமானாலும் பணி முடியும்போது அது 1-க்கு வந்துவிடும். அதனால் காலத்தில் அளக்கலாம் என்று பார்க்கிறோம்: 6-ஆம் மாத முடிவில் திட்டம் 40%, முடிந்தது 30%; அந்த 30% திட்டப்படி 5-ஆம் மாதத்திலேயே வந்திருக்க வேண்டும், ஆக 5/6 = 0.83. (சிபிஐ, CPI, என்பது முடிந்த வேலையின் மதிப்பை ஆன செலவால் வகுத்த எண். ஒவ்வொரு வேலைக்கும் அளவுப்படி, குறித்த விலையில் பணம் தரும் ஐட்டம் ரேட் ஒப்பந்தத்தில் அது எப்படியும் 1-ஐ ஒட்டியே நிற்கும், அதை விட்டுவிட்டோம். கூடுதல் வேலை உத்தரவுகளின் தொகையே போதும்.)

ஆனால் கால நீட்டிப்பு கொடுத்தபின் எந்த அட்டவணையோடு ஒப்பிடுவது? புதியதோடு என்றால் பழைய தாமதம் மறைந்துபோகும். பழையதோடு என்றால் நிலம் ஒப்படைப்பு, வரைபடத் தாமதம் எல்லாம் ஒப்பந்ததாரர் தலையில் விழும். இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் படிவம் யாரிடமாவது இருந்தால் பகிருங்கள்.