கயானா: கைட்டூர் அருவி, லெத்தம் சாலை, பத்து நாளில் முடியுமா?

கோவை_பாலா:
அக்டோபரில் நானும் தங்கையும் தென் அமெரிக்காவில் இருக்கும் கயானாவுக்குப் போகிறோம். அவளுக்குப் பறவைப் படம், எனக்குக் காடு. தலைநகர் ஜார்ஜ்டவுனில் இறங்கி, மினிபஸ்ஸில் இவோக்ராமா காடு, அப்புறம் ருபுனுனி புல்வெளி, எல்லை ஊரான லெத்தம் வழியாகப் பிரேசில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி, கடைசி நாள் கைட்டூர் அருவி. ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே உள்ள லிண்டன் ஊரிலிருந்து லெத்தம் சுமார் 450 கிலோமீட்டர்தானே, ஒரு பகலில் போய்விடலாம் இல்லையா? ஊசி ஏதாவது போட வேண்டுமா?

எஸ்ஸெக்கிபோ_ரவி:
ஜார்ஜ்டவுனில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். அக்டோபர் நல்ல மாதம். மே முதல் ஆகஸ்ட் வரை, மழைக்காலத்தில் போயிருந்தால் ருபுனுனியில் புல்வெளி எங்கே, ஏரி எங்கே என்று தெரியாது.

ஆனால் அந்த 450 கிலோமீட்டரைக் கோவை–சென்னை கணக்கில் பார்க்காதீர்கள். பெரும்பகுதி செம்மண் பாதை. மினிபஸ் மாலையில் கிளம்பி இரவெல்லாம் குலுங்கும். குருபுகாரியில் எஸ்ஸெக்கிபோ ஆற்றைப் படகில் கடக்க வேண்டும், இரவில் ஃபெர்ரி ஓடாது. அதனால் வழியில் எங்காவது ஹேமக் (தொங்கு படுக்கை) கட்டித் தூங்கிவிட்டு விடியலில் கரைக்குப் போவார்கள். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் புழுதி. இறங்கும்போது புருவம்கூடச் செம்பட்டையாகியிருக்கும். கஷ்டம்தான், ஆனாலும் இந்தப் பாதையை விட்டுவிடாதீர்கள். இருபுறமும் காடு நெருக்கிக்கொண்டே வந்து, சட்டென்று வெட்டவெளியாகும் அந்த இடத்தை விமானத்தில் போகிறவன் பார்க்கவே முடியாது.

போகும்போது சாலை, வரும்போது லெத்தமிலிருந்து சின்ன விமானம். பையை மட்டுமல்ல, உங்களையும் தராசில் ஏற்றுவார்கள். தங்கையின் லென்ஸ் எடையை இப்போதே பாருங்கள்.

கைட்டூரைக் கடைசி நாளில் வைக்கவே வைக்காதீர்கள். ஆள் சேராவிட்டால் அங்கே போகும் சின்ன விமானம் கிளம்பாது, மேகம் இறங்கினாலும் கிளம்பாது. முதலிலேயே போனால், தள்ளிப்போனாலும் சமாளிக்கலாம். 226 மீட்டர் ஒரே வீழ்ச்சி, பார்த்தால் பேச்சு வராது. ஆனால் எல்லாரும் விளிம்பிலேயே நின்றுவிடுகிறார்கள். போகும் வழியில் ஆளுயரத்துக்கு வளர்ந்த புரோமிலியாட் செடிகள் இருக்கும். அவற்றின் இலைக்கக்கத்தில் தேங்கிய தண்ணீரைக் குனிந்து பாருங்கள். கட்டைவிரல் நகம் அளவு பொன்னிறத் தவளை உட்கார்ந்திருக்கும்.

இவோக்ராமாவில் மர உச்சி நடைபாலம் உண்டு, தரையிலிருந்து சுமார் 30 மீட்டர். தங்கையைக் காலையில் முதல் ஆளாக ஏறச் சொல்லுங்கள். தங்குவதற்குச் சுராமா கிராமம் என் தேர்வு. மகுஷி பழங்குடி மக்களே நடத்தும் விடுதி, வழிகாட்டியும் அந்த ஊர்க்காரர்தான்.

நர்ஸ்_மாலதி:
மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் (காமாலை வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). கயானாவிலிருந்து திரும்பும்போது ஊசி போட்டதற்கான அட்டை இல்லையென்றால் இந்தியாவிலேயே தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்காட்டில் மலேரியா உண்டு, குளோரோகுவினை நம்ப முடியாது. எந்த மாத்திரை என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கோவை_பாலா:
ரொம்ப நன்றி, ரவி அண்ணா, மாலதி அக்கா. பிரேசிலை விட்டுவிடலாமா? இன்னொன்று, தங்கை சுத்த சைவம்.

எஸ்ஸெக்கிபோ_ரவி:
விட்டுவிடுங்கள், அதற்குத் தனி விசா வேறு. லெத்தமில் தகுத்து ஆற்றுப் பாலம் வரை போய்ப் பாருங்கள், போதும். கயானாவில் இடதுபக்கம் ஓட்டுவார்கள், பிரேசிலில் வலதுபக்கம். அங்கே போகும் பாதையும் வரும் பாதையும் ஒன்றையொன்று குறுக்கே தாண்டிப் பக்கம் மாறும்.

சாப்பாடு ஜார்ஜ்டவுனில் கவலையே இல்லை. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஊர், தால்பூரியும் (பருப்பு வைத்த ரொட்டி) பருப்பும் தெருவுக்குத் தெரு. உள்ளே போனால் சோறு, மரவள்ளி ரொட்டி. விடுதிக்கு முன்பே சொல்லி வையுங்கள். பெப்பர்பாட் என்று நீட்டினால் மிளகுக் குழம்பு என்று நம்பிவிட வேண்டாம், அது கறி.

டிக்கெட் எடுக்குமுன் ஒன்று. நியூயார்க், மயாமி வழி மலிவாகக் காட்டும். விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும்.