டெஸ்ட் எல்லாம் பச்சை, கடையில் பில் தப்பு: எங்கே கோட்டை விடுகிறோம்?

பச்சைடிக் (கேள்வி)

எங்களுடையது சின்ன டீம், நாலு டெவலப்பர், ஒரு டெஸ்டர். கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறோம், பின்னால் ஓடும் கோட் பைத்தான் மொழியில். கவரேஜ் (டெஸ்ட்கள் ஓடும்போது கோடில் எத்தனை சதவீத வரிகள் ஓடுகின்றன என்ற கணக்கு) 85 சதவீதத்துக்குக் கீழே போனால் கோட் மெர்ஜ் ஆகாது, அதாவது முதன்மை கோடோடு சேராது என்று போன வருடம் மேலிடத்தில் ஒரு விதி போட்டார்கள். நாங்களும் ராப்பகலாக உட்கார்ந்து டெஸ்ட் (கோட் சரியான விடை தருகிறதா என்று தானாகவே ஓட்டிப் பார்க்கும் சின்னக் கோட்) எழுதித் தள்ளினோம், இப்போது 91-ல் நிற்கிறது. ஆயிரத்துச் சொச்சம் டெஸ்ட், எல்லாம் பச்சை, அதாவது பாஸ்.

ஆனால் போன மாதம் மட்டும் கடைகளிலிருந்து மூன்று புகார். முதலாவது, 5000 ரூபாய்க்கு 10 சதவீதத் தள்ளுபடி என்று போர்டு வைத்திருந்த கடையில் ஒருவருக்குச் சரியாக 5000-க்கு பில் வந்திருக்கிறது, தள்ளுபடி விழவில்லை, சண்டை. இரண்டாவது, பில்களில் உள்ள ஜிஎஸ்டியைக் கூட்டினால் வருவதும் மாத ரிப்போர்ட்டில் வருவதும் சில ரூபாய் இடிக்கிறது என்று ஆடிட்டர் பிடித்துவிட்டார். மூன்றாவது, ஒரே பில் இரண்டு தடவை சேவ் ஆகியிருக்கிறது.

மூன்றிலுமே சம்பந்தப்பட்ட வரிகள் கவரேஜ் ரிப்போர்ட்டில் பச்சையாகத்தான் இருக்கின்றன. "வாரத்தில் ஒன்றரை நாள் டெஸ்ட் எழுதவே போகிறது, அப்புறம் இது எதற்கு?" என்று மேனேஜர் கேட்கிறார். என்ன சொல்வது என்றே தெரியவில்லை. இன்னும் நிறைய எழுத வேண்டுமா, இல்லை எழுதுகிற விதமே தப்பா?

அரைப்புள்ளி

ஒரு வரி ஓடியது என்பதும் அந்த வரியை யாரோ சரிபார்த்தார்கள் என்பதும் வேறு வேறு. கவரேஜ் முதலாவதைத்தான் எண்ணும். ஒரு ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டு) கூப்பிட்டுவிட்டு ஒரு அசர்ட் (விடை இதுதானா என்று சரிபார்க்கும் வரி) கூடப் போடாமல் விட்டாலும் அதற்குப் பச்சைதான்.

இப்போதே ஒன்று செய்யுங்கள், ஐந்து நிமிடம்தான் ஆகும். தள்ளுபடி ஃபங்ஷனைத் திறந்தால் > 5000 என்று இருக்கும். அதை >= 5000 என்று மாற்றி மொத்த டெஸ்ட்டையும் ஓட்டுங்கள். ஒன்றாவது சிவப்பாகிறதா? ஆகவில்லை என்றால் அந்த வரிக்குக் காவலே இல்லை என்று அர்த்தம். உங்கள் டெஸ்ட்டில் என்னென்ன தொகை இருக்கிறது என்று பார்க்காமலே சொல்கிறேன், 3000 ஒன்று, 8000 ஒன்று, சரியா? 4999.99, 5000, 5000.01 மூன்றும் இருக்க வேண்டிய இடம் அது. பக் எப்போதும் வாசற்படியில்தான் உட்கார்ந்திருக்கும், நாம் கூடத்தில் தேடிக்கொண்டிருப்போம்.

இப்படி வேண்டுமென்றே கோடைக் கெடுத்துப் பார்ப்பதற்கு மியூட்டேஷன் டெஸ்டிங் என்று பெயர். புதுச் சரக்கெல்லாம் இல்லை, டிமில்லோ, லிப்டன், சேவர்ட் மூவரும் 1978-லேயே எழுதிவிட்டார்கள். பைத்தானுக்கு மியூட்மட் என்று ஒரு கருவி இருக்கிறது, கூட்டலைக் கழித்தலாக்கும், > ஐ >= ஆக்கும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்ட்டை ஓட்டும், எதையெல்லாம் உங்கள் டெஸ்ட்கள் கண்டுகொள்ளவில்லை என்று பட்டியல் கொடுக்கும்.

பச்சைடிக்

மாற்றி ஓட்டினேன். ஒன்று கூடச் சிவப்பாகவில்லை. வயிற்றைக் கலக்குகிறது. தொகை 3000, 8000 இல்லை, 2000, 10000.

கணக்குப்பிள்ளை

இரண்டாவது புகார் எனக்குப் பழக்கமானது. அந்த ஜிஎஸ்டி டெஸ்ட்டில் 'எதிர்பார்க்கும் விடை' என்று ஒரு எண் இருக்குமே, அதை யார் போட்டது, எப்படிப் போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பத்துக்கு எட்டு இடத்தில், ஃபங்ஷனை ஒரு தடவை ஓட்டி வந்த எண்ணையே காப்பி பண்ணி ஒட்டியிருப்பார்கள். தான் எழுதிய பதிலையே விடைத்தாளாக வைத்துத் திருத்தினால் நூற்றுக்கு நூறு வராமல் என்ன வரும்? விடை வெளியிலிருந்து வர வேண்டும், கால்குலேட்டரோ, ஆடிட்டரோ, கடைக்காரரின் பழைய பில் புத்தகமோ.

உங்கள் கேஸ் என்னவாக இருக்கும் என்று ஒரு ஊகம். 33.30 ரூபாய்க்கு மூன்று பொருள், 18 சதவீத வரி. ஒரு பொருளுக்கு வரி 5.994, அதை 5.99 ஆக்கி மூன்றையும் கூட்டினால் 17.97. மொத்தத் தொகை 99.90-க்கு ஒரே தடவையாகப் போட்டால் 17.982, அதாவது 17.98. ஒரு பைசா. பில் போடுகிற கோட் முதல் வழியிலும் ரிப்போர்ட் கோட் இரண்டாவது வழியிலும் போகிறது என்று வையுங்கள், இரண்டுக்கும் தனித்தனியாக டெஸ்ட் இருக்கும், இரண்டும் பாஸ் ஆகும், தப்பு இருப்பது நடுவில். நாஸா 1999 செப்டம்பரில் செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரை இழந்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான், ஒரு பக்கத்து மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது, வாங்கிய பக்கம் அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது.

அதனால் இரண்டையும் சேர்த்து ஒரு டெஸ்ட் எழுதுங்கள்: எத்தனை பில் வேண்டுமானாலும் போடு, பில்களின் வரியைக் கூட்டினால் ரிப்போர்ட்டின் வரி வர வேண்டும். ஹைப்போதெசிஸ் என்ற பைத்தான் லைப்ரரியிடம் இந்த விதியைக் கொடுத்தால் அதுவே நூற்றுக்கணக்கில் கன்னாபின்னா விலைகளைப் போட்டுப் பார்த்து, உடைகிற உதாரணங்களில் ஆகச் சின்னதைக் கையில் கொடுக்கும். (பணத்தை ஃப்ளோட்டில், அதாவது பைசாவைத் தோராயமாகவே வைக்கும் எண் வகையில் வைத்திருந்தால், முதலில் துல்லியமாக வைக்கும் டெசிமலுக்கு மாற்றுங்கள், அது தனிக் கதை.)

பழையடெஸ்டர்

தம்பி, மூன்றாவதைப் பற்றி யாருமே பேசவில்லை, நான் பேசுகிறேன். 16 வருடமாகக் கையால் டெஸ்ட் செய்கிறவள். உங்கள் ஆட்கள் மவுஸைப் பிடித்து, சேவ் பட்டனை ஒரு தடவை அழுத்தி, 'சேவ் ஆனது' என்று வருவதை நிதானமாகப் படித்து டிக் போட்டிருப்பார்கள். கவுண்டரில் இருக்கும் பெண் ஸ்கிரீனைப் பார்க்கவே மாட்டாள். எதிரே ஏழு பேர் நிற்பார்கள், நம்பர் பேடில் விரல் ஓடும், என்டர் ஒட்டிக்கொண்டால் டக்கென்று இன்னொரு தட்டு.

இது சின்ன விஷயம் இல்லை. தெராக்-25 என்று புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மெஷின், 1985-87-ல் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிக் கொடுத்துவிட்டது. 1986-ல் டெக்ஸாஸில் டைலர் என்ற ஊரில் நடந்ததைக் கேளுங்கள். எலெக்ட்ரான் சிகிச்சைக்கு 'இ' தட்ட வேண்டிய இடத்தில் எக்ஸ்ரேவுக்கான 'எக்ஸ்' தட்டிவிட்ட ஆபரேட்டர், அம்புக்குறியில் மேலே போய் அதைச் சட்டென்று திருத்தினார். அந்தத் திருத்தம் எட்டு விநாடிக்குள் முடிந்துவிட்டால் மென்பொருள் அதைக் கவனிக்கவே இல்லை. முதல் விபத்துக்குப் பிறகு கம்பெனி ஆட்கள் வந்து பார்த்தார்கள், அவர்கள் கையில் மெஷின் சமர்த்தாக இருந்தது. இரண்டாவது விபத்துக்குப் பிறகு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஆபரேட்டரையே பக்கத்தில் உட்கார வைத்துத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துத்தான் பிடித்தார். வேகமாகத் தட்டினால்தான் வரும்.

அதனால் உங்கள் டெஸ்டரை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடையில் ஒரு மணி நேரம் சும்மா நிற்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது அவர் கையில் இருக்கும் பட்டியலை எந்தக் கருவியும் கொடுக்காது.

டெஸ்ட் டேட்டாவையும் ஒரு தடவை பாருங்கள். எல்லா வாடிக்கையாளருக்கும் 'டெஸ்ட் 1', 'ஏபிசி' என்றுதானே பெயர்? நம் ஊரில் பாதிப் பேருக்குக் கடைசிப் பெயரே கிடையாது, இனிஷியல்தான், இனிஷியல் முன்னாலும் வரும் பின்னாலும் வரும். இது தெரியாத ஃபார்ம்களோடு மல்லுக்கட்டியே என் பாதி ஆயுள் போய்விட்டது.

இன்னொன்று, ஸ்பிரிண்ட் (ஒரு சுற்று வேலைக்கான கெடு) முடிய இரண்டு நாள் இருக்கும்போது கொண்டுவந்து கொடுத்துவிட்டு 'டெஸ்டிங்கில் ஏன் பிடிக்கவில்லை' என்று கேட்பது இருக்கிறதே... சரி, விடுங்கள்.

ஒருவழிப்பாதை

எல்லாரும் சொல்வது சரிதான், ஆனால் கேட்டவருக்கு நாலே பேர் என்பதை மறந்துவிட வேண்டாம். மியூட்டேஷனை மொத்த கோடின் மேலும் ஓட்டினால் மணிக்கணக்கில் ஓடும், கடைசியில் வரும் பட்டியலில் ஒரு பகுதி மாற்றினாலும் விளைவு மாறாத வெட்டி மாற்றமாக இருக்கும், அதையெல்லாம் உட்கார்ந்து படிக்க இன்னொரு ஆள் வேண்டும். பணம் தொடும் இரண்டு மூன்று ஃபோல்டருக்கு மட்டும் ஓட்டுங்கள். செட்டிங்ஸ் பக்கத்தில் நிறம் மாற்றும் கோட் எக்கேடு கெட்டால் என்ன.

கவரேஜைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். 91 என்பது எதையும் உறுதி சொல்லாது, ஆனால் மீதி 9 எங்கே என்பது நல்ல கேள்வி. எங்கள் டீமில் ஒரு தடவை திறந்து பார்த்தால் பணம் திருப்பிக் கொடுக்கும் பகுதி முழுக்க அந்த மீதியில் இருந்தது.

அப்புறம், கடையிலிருந்து பக் வந்தால் உடனே திருத்தாதீர்கள். முதலில் அதைக் காட்டும் டெஸ்ட்டை எழுதி அது சிவப்பாவதைக் கண்ணால் பாருங்கள், பிறகு கோடில் கை வையுங்கள். சிவப்பாகவே ஆகாத டெஸ்ட்டை நான் நம்புவதில்லை. 'மறுபடி ஓட்டினால் பாஸ் ஆகிவிடும்' ரகம் இருந்தால் ஒன்று சரி செய்யுங்கள், இல்லை அழித்துவிடுங்கள், அது மற்றவற்றின் பேரையும் சேர்த்துக் கெடுக்கும்.

பச்சைடிக்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தள்ளுபடி, வரி இரண்டு ஃபோல்டருக்கு மட்டும் மியூட்மட் ஓட்டினேன், அது செய்த மாற்றங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எங்கள் டெஸ்ட்களிடம் சிக்காமல் தப்பித்துப் போனது. டெஸ்ட் எண்ணிக்கை இப்போது குறைந்திருக்கிறது, அசர்ட்டே இல்லாதவை நாற்பது இருந்தன, அழித்துவிட்டோம். கணக்குப்பிள்ளை ஊகித்தது அப்படியே, பில் ஒரு வழி, ரிப்போர்ட் ஒரு வழி.

அக்கா சொன்னபடி டெஸ்டர் கடைக்குப் போனார், கூடவே நானும் போனேன். என்டர் விஷயம் பத்து நிமிடத்தில் கண்ணில் பட்டது. கிளம்பும்போது அந்த 5000 பற்றி முதலாளியிடம் கேட்டேன், "5000-க்கு மேல்" என்று எங்களிடம் எழுதிக் கொடுத்தது அவர்தானே. அவர் சிரித்துவிட்டு, "அட, மேல்னா 5000-மும் சேர்த்துத்தான் தம்பி, இதெல்லாம் எழுதித் தரணுமா?" என்றார். இப்போது மற்ற ஒன்பது கடைக்கும் ஃபோன் போட்டு அவரவர் 'மேல்' என்னவென்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதுவரை நாலு பேர் சேர்த்து, இரண்டு பேர் சேர்க்காமல்.